பத்துப் படங்களும் மூடிய நீதிமன்றமும்

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தது ஸ்ரீபெரும்புதூரில். வழக்கு நடந்ததோ அதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கமாக உள்ள பூந்தமல்லியில், கடுங்காவல் சிறை வளாகத்துக்குள் அமைந்த தடா நீதிமன்றத்தில். 26 பேர் மீது விசாரணை நடந்தது. 288 சாட்சிகள் கூண்டேறினார்கள். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் நால்வரின் தூக்கை மட்டும் உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்த வழக்கின் துப்பு துலங்கியது ஒரு கேமராவில். புகைப்படக்காரர் ஹரிபாபு குண்டுவெடிப்பிலேயே இறந்துபோனார். அவர் உடலருகே கிடைத்த கேமராவின் பிலிமைக் கழுவியபோது பத்துப் படங்கள் தேறின. சந்தன மாலையுடன் நின்ற மனித வெடிகுண்டான தணுவும், வெள்ளை ஜிப்பாவில் குறிப்பேட்டுடன் நின்ற சிவராசனும் அந்தப் படங்களால்தான் நாடறிந்த முகங்கள் ஆனார்கள். ஹரிபாபுவும் சதியில் ஓர் அங்கம் என்றது டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அன்று காயமடைந்து உயிர் தப்பினார்கள். அவர்களில் ஒருவருடைய முகமாவது நமக்கு நினைவிருக்கிறதா? கொன்றவர்களை அடையாளம் காட்டக் கேமராவைப் பயன்படுத்தத் தெரிந்த நாம், பிழைத்தவர்களை நினைவில் வைக்க அதைப் பயன்படுத்தவில்லை. பூந்தமல்லியின் அண்மைக்கால வரலாறு இதைத்தான் சொல்கிறது என்பது என் வாதம்.

பிழைத்தவர்கள் பேசவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேசினார்கள், பூந்தமல்லியில்தான் பேசினார்கள். ஆனால் விசாரணை மூடிய அறையில் நடந்தது. பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உள்ளே போக முடியாது. சாட்சிகளின் பாதுகாப்பை நினைத்தால் அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. கொலைக்குப் பின்னால் இருந்த விடுதலைப் புலிகளின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஆனாலும் விளைவு விசித்திரமானது. குற்றவாளிகளின் படங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தன. காயம்பட்டவர்களின் சொற்களோ வழக்குக் கட்டுகளுக்குள் போயின. அந்தச் சொற்களும் 'எங்கே நின்றீர்கள், யாரைப் பார்த்தீர்கள்' என்ற கேள்விகளுக்கான பதில்கள்தாம். அதன் பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்பது நீதிமன்றத்தின் வேலையல்ல. வேறு யாரும் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. (சென்னைக்கு இது பழைய வழக்கம்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் நகரைச் சுட்டபோது குண்டு விழுந்த உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இருக்கிறது. அன்று மாண்டவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?)

அரசியல் கொலை ஒன்றைப் போர்க்கால வெடிகுண்டோடு சேர்ப்பது சரியா என்று கேட்கலாம். இதைத் தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயலாக உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. ஆனால் சட்டப் பிரிவு வேறு, வரலாறு வேறு. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் நடத்திய போரை விட்டுவிட்டு அந்தக் கொலையை விளக்க முடியாது. தேர்தல் கூட்டம் பார்க்க வந்தவர்களும் பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் தாங்கள் கேட்டிராத ஒரு போரின் நடுவே நின்றிருந்தார்கள். அந்தப் போரின் இன்னொரு முனையும் இதே பூந்தமல்லியில் உண்டு. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் ஈழத்தமிழர்களை அடைத்து வைத்த சிறப்பு முகாம் இங்கே இருந்தது. 1983 முதல் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகள் சுமார் மூன்று லட்சம் பேர். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் அவர்களுக்கு முகாம்கள் உண்டு. 1995 ஜூலை 9 அன்று இலங்கையின் நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் விழுந்த விமானக் குண்டுகள், அங்கே தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றன. அதுபோன்ற குண்டுகளுக்குத் தப்பி வந்தவர்களையும் இங்கே கேமரா பார்த்திருக்கிறது, அடையாள அட்டைக்காக. இரு தரப்பாரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். குற்றத்தின் பொறுப்பு அவரவருக்கு உரியது. குண்டுச்சில்லோடு வாழ்கிறவரின் வலி எந்தக் கரையில் தொடங்கியது என்பதை வைத்து நினைவுகூரும் கடமை கூடிக் குறைவதில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

ஜப்பானின் அனுபவம் இங்கே உதவும். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் யோஷிட்டோ மட்சுஷிகே எடுத்ததில் தேறியவை ஐந்தே படங்கள். மியூக்கி பாலத்தருகே தீக்காயங்களோடு நின்றவர்களைப் படமெடுக்க மனம் வராமல் அவர் வெகுநேரம் தயங்கினார். ஆக்கிரமிப்புப் படைகளின் தணிக்கை நீங்கி, 1952இல்தான் அணுகுண்டுப் படங்கள் பரவலாக வெளியாயின. அவை நடந்ததற்குச் சான்று. அந்த மனிதர்களின் பின்னாளைய வாழ்க்கை அவற்றில் இல்லை. அதைப் பதிவு செய்தவர்கள் தாமதமாக வந்தவர்கள். கென் டோமொன் 1957இல் ஹிரோஷிமாவுக்குப் போய் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இருந்தவர்களைப் படமெடுத்து, மறு ஆண்டு நூலாக்கினார். ஷோமெய் டோமட்சு 1961 முதல் நாகசாகிக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஒருவரை ஒருமுறை படமெடுத்தால் காயம்தான் தெரியும். பல ஆண்டுகள் பழகி எடுத்தால்தான் ஆள் தெரிவார். குண்டு வெடித்த இடத்தில் எடுத்த படம் எவ்வளவு அரிதானதானாலும் இந்த வேலையைச் செய்யாது. ஹரிபாபுவின் பத்துப் படங்களும் செய்யவில்லை.

பிழைத்தவர்கள் மறக்க நினைப்பார்கள், அவர்களை ஏன் கிளற வேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். மட்சுஷிகேயின் தயக்கத்துக்கும் காரணம் அதுதானே. மறுக்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. ஆனால் கேட்கவே கேட்காமல், அவர்கள் மௌனத்தை விரும்புகிறார்கள் என்று நாமே முடிவு செய்வது மரியாதை ஆகாது, சோம்பல். இன்னொரு ஆட்சேபம் அரசியல் பற்றியது. இந்த வழக்கில் தண்டனை பெற்ற எழுவரில் 2022இல் மே மாதம் பேரறிவாளனும் நவம்பரில் மற்ற அறுவரும் விடுதலையானபோது, காயம்பட்டவர்களில் சிலர் தங்கள் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தக் குரல் விவாதத்தில் ஒரு தரப்பின் ஆயுதமாகவே எடுத்தாளப்பட்டது. இனி எடுக்கும் படங்களும் அப்படித்தான் ஆகும் என்று அஞ்சலாம். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் தீர்ப்பு வரும் நாளில் மட்டும் மைக்கை நீட்டினால் சண்டைக்கான ஒரு வரிதான் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் நிதானமாகச் சேர்த்த பதிவில் ஒரு வாழ்க்கையே இருக்கும். அதை முழக்கமாகச் சுருக்குவது அவ்வளவு எளிதல்ல.

1991இல் இருபது வயதில் அந்த மைதானத்தில் நின்றவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அன்று நாற்பதில் இருந்தவர் எழுபதைத் தாண்டிவிட்டார். பூந்தமல்லி வட்டாரத்தின் வரலாற்று ஆர்வலர்களும் புகைப்படம் பயிலும் மாணவர்களும் இவர்களைத் தேடிப் போக வேண்டும். புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான். சம்மதம் கேட்டு, பேச்சைப் பதிந்து, படம் எடுத்து, ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். அரசு ஆவணக் காப்பகம் இன்னொரு பிரதியை வாங்கி வைக்கட்டும்.