மாநகர மன்றத்தில் நமது இருக்கை

சென்னை மாநகராட்சி தோன்றிய ஆண்டு 1688. அதன் மேயர் இருக்கையில் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தவர் ஒருவர் அமர இரண்டரை நூற்றாண்டுகள் கடக்க வேண்டியிருந்தது. 1937இல் காங்கிரஸ்காரரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். 1945இல் அப்பதவியை ஏற்ற ந. சிவராஜ் அவர்களோ அண்ணல் அம்பேத்கரின் தோழர்; ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் அகில இந்தியத் தலைவர். ஒருவர் பெருங்கட்சியின் வழியே வந்தார். மற்றவர் சொந்த இயக்கத்தின் வலிமையோடு வந்தார். எவ்வழி சிறந்தது என்னும் வழக்கு இன்றும் நம் தெருக்களில் ஓய்ந்தபாடில்லை.

ஆனால் வழி எதுவாயினும், சென்று அமர ஒரு மன்றம் வேண்டுமன்றோ? மஸ்டர் ரோல் ஊழலைக் காரணமாகக் கொண்டு 1973இல் மாநகர மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தலே இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகள்! இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஒரு தலைமுறை, கவுன்சிலர் என்பவரைக் காணாமலே வளர்ந்தது. குழாயில் நீர் வராவிடில் அதிகாரியிடம் மனுக் கொடுத்துக் காத்திருப்பதே வழியாயிற்று. பின்னரும் 2016இல் அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் நிறுத்தியதால், 2022 வரை தனி அலுவலரின் ஆட்சியே நடந்தது.

1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், மக்கள்தொகை விகிதப்படி நகராட்சிகளில் நமக்கு இடம் ஒதுக்க வகை செய்தது. அதன்படி 2022 தேர்தலில் சென்னையின் 200 வட்டங்களுள் 32 நமக்குரியவை. அவற்றுள் 16 பெண்களுக்கு. மேயர் பதவியும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. வடசென்னையின் 74ஆவது வட்டத்தில் வென்ற ஆர். பிரியா, தம் 28ஆம் வயதில், அவ்வாண்டு மார்ச் 4ஆம் நாள் மேயரானார்.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மேயரை அம்முறை தேர்ந்தெடுத்தவர்கள் மக்களல்லர், கவுன்சிலர்களே. மன்றத்தில் தி.மு.க.வுக்கு 153 இடங்கள். அதன் கூட்டணியிலிருந்த விடுதலைச் சிறுத்தைகளுக்கு 4. நம்மவருள் ஒருவர் மேயராக வேண்டும் என்பதைச் சட்டம் விதித்தது. அவர் யார் என்பதைக் கட்சி முடிவு செய்தது. எஞ்சிய 168 வட்டங்களில் நாம் நிற்கச் சட்டத்தில் தடையேதுமில்லை. எனினும் பொது வட்டத்தில் நம்மவரை நிறுத்தும் துணிவைக் கட்சிகளிடம் காண்பது அரிது.

துறைமுகத்துக்கு வடக்கே வேறொரு கதையும் உண்டு. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். தத்தமக்கெனத் தலைவரும் மன்றமும் கொண்டவை. மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபின் எண்ணூர் உள்ளிட்ட அப்பகுதி முழுவதும் 14 வட்டங்களாயிற்று. முன்பு திருவொற்றியூரிலேயே தீர்ந்த வழக்குக்கு இப்போது ரிப்பன் மாளிகை வரை போக வேண்டும். இருநூறு பேர் கூடும் அம்மன்றத்தில் எண்ணூரின் அனல்மின் சாம்பலையும் கழிமுகத்தையும் பற்றி எழுந்து பேச அந்தப் பதினால்வரே உளர்.