அந்தமான் செல்லுலர் சிறை: பேணப்பட்டதும் மறைந்ததும்

அந்தமானுக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளுட் பெரும்பாலோர் செல்லுலர் சிறையைப் பார்வையிடாது திரும்புவதில்லை. பகலிற் கூண்டறைகள், இரவில் ஒலி ஒளிக் காட்சி என்னும் ஒழுங்கில் அமைந்த இப்பார்வையிடல் எத்தகைய வரலாற்றுணர்வைத் தோற்றுவிக்கின்றது என்பது ஆராயற்பாலது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியர் 1858இல் இங்கு தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். காடழித்தல், பாதையமைத்தல் ஆகிய யாவும் கைதிகளின் உழைப்பாலேயே நிகழ்ந்தன. செல்லுலர் சிறையோ பிற்பட்டது. 1896இல் தொடங்கப்பெற்று 1906இல் நிறைவுற்றது. அதனைக் கட்டியோரும் கைதிகளே. நடுவண் கோபுரத்தினின்று ஏழு சிறகுகள் பிரிந்தன. ஒரு சிறகின் முன்புறம் மற்றதன் பின்புறத்தை நோக்குமாறு அமைந்தமையால், ஏறக்குறைய 700 தனியறைகளில் இருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாதிருந்தது. கூட்டுணர்வைச் சிதைப்பதே இவ்வமைப்பின் நோக்கம் எனலாம். செக்கிழுத்தலும் தென்னை நாரடித்தலும் அன்றாட வேலைகள். (கோயமுத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரம்பிள்ளை இழுத்த செக்கு தமிழ் வாசகர் அறிந்ததே.)

சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை இருந்த அறை இன்று தனிச் சிறப்புடன் காட்டப்படுகின்றது. அவர் விடுதலை வேண்டி அரசுக்கு மனுக்கள் எழுதியமை ஆவணங்களிற் பதிவானதொன்று. அவரது சிறைவாழ்வை மறுக்க வேண்டுவதில்லை. எனினும் ஓர் அறையின் முன் குவியும் கவனம் இச்சிறையின் முக்கியமான காலகட்டத்தை மங்கச் செய்கின்றது என்பதே என் கருத்து. அக்காலகட்டம் முப்பதுகளுக்குரியது. 1933இல் நிகழ்ந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிசோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர்நீத்தனர். வலிந்து உணவூட்டியமையே அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. அப்போராட்டத்தின் பயனாகவே நூல்களும் விளக்கும் கிடைத்தன. 1935இல் அங்கு கொமியூனிஸ்ட் கூட்டமைவு தோன்றியது. தனிமனிதத் தீரச்செயல்களில் நம்பிக்கை வைத்திருந்த இளைஞர் பலர் வர்க்க அரசியலைக் கற்றது இவ்வறைகளிலேயே. பிரித்து வைப்பதற்கென எழுப்பிய கட்டடம் கூட்டுக் கல்விக்கூடமாக மாறிற்று. 1937இன் பெரும் உண்ணாவிரதத்தையடுத்து அரசியற் கைதிகள் பெருநிலத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஹரே கிருஷ்ண கோனார், அறுபதுகளின் இறுதியில் மேற்கு வங்க அமைச்சராக நிலச்சீர்திருத்தத்தை முன்னெடுத்தார். சிறைக் கல்வி வயல்வரை சென்றமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

யப்பானிய ஆதிக்கக் காலத்தும் (1942–45) சுதந்திரத்தின் பின்னரும் சிறகுகள் இடிக்கப்பட்டன; மூன்றே எஞ்சின. அவையும் முன்னாட் கைதிகள் எதிர்ப்புத் தெரிவித்தமையாலேயே தப்பின. 1979இல் அது தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கோபுரத்திலுள்ள சலவைக்கற் பலகைகளில் விடுதலை வீரர்களின் பெயர்கள் மாகாணவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வறுமையாலோ நிலத்தகராற்றாலோ குற்றவாளிகளாகி, கடல் கடத்தப்பட்டு, இக்கற்களை அடுக்கிய சாதாரணக் கைதிகள் அப்பட்டியலுக்குரியோரல்லர். அவர்களின் சந்ததியினர் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்கும் முன்னரே அந்நிலத்துக்கு உரியோராயிருந்த பெரிய அந்தமானியர், குடியேற்றத்தோடு வந்த நோய்களாலும் மோதல்களாலும் அருகி, 1961இன் குடிக்கணக்கில் 19 பேராகக் குறைந்திருந்தனர்.