மார்கழியில் ஊருக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவது? காற்றையும் காணியையும் கேட்டுவிட்டு முற்பதிவு செய்யுங்கள்

ஒக்டோபர் பிறந்தால் என் வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி பல நாடுகளிலிருந்து வரத் தொடங்கும். “டிசெம்பர் இருபதுக்கு வாறம். கடல் தெரியிற மாதிரி ஒரு இடம் பாத்து வை பிள்ளை.” ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் குரல்பதிவு இது. லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிற உறவினர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே பாடசாலை விடுமுறையும் பனியும் ஒன்றாக வருகின்றன. ஆகவே அவர்கள் வெயிலைத் தேடி இங்கே வருகிறார்கள். ஆனால் அவர்கள் பிறந்து வளர்ந்த வடக்கு கிழக்கில் அப்போது மாரிகாலம்.

சில வருடங்களுக்கு முன் இதை யோசிக்காமல் பெரியம்மா குடும்பத்துக்கு உப்புவெளியில் ஐந்து நாட்கள் அறை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நாளும் மழை. கடல் தெரிந்தது, ஆனால் ஒருவரும் கால் நனைக்கவில்லை. விடுதிக்காரர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. கரையைப் பிழையாகத் தெரிவு செய்தது நான்தான். அடுத்த முறை இன்னொரு கரையில், மலிவாகவும் துப்புரவாகவும் தெரிந்த ஒரு விடுதியின் படங்களை அனுப்பினேன். பெரியம்மாவிடமிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது: “அது எங்கட சனம் இருந்த கரையெல்லோ? இப்ப ஆர் வச்சிருக்கினம்?” எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, அதை நடத்துவது படைத்தரப்பு என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் இரண்டு விடயங்களைப் பார்த்துத்தான் இடம் சொல்கிறேன். அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம்? அந்த விடுதி யாருடைய கையில்? இவ்வளவு காலமும் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே தருகிறேன்.

வாடையும் சோளகமும்

இலங்கையில் குளிர்காலம் என்று தனியாக ஒன்றில்லை. இருப்பது இரண்டு பருவக்காற்றுகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. எங்கள் கடற்றொழிலாளர் அதைச் சோளகம் என்பார்கள். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை. சோளகத்தில் தெற்கும் மேற்கும் நனையும், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வாடையில் இது தலைகீழாகும்.

இடையில் வரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் வங்கக்கடலில் தாழமுக்கங்கள் உருவாகும் காலம். 1978 நவம்பரில் மட்டக்களப்பை உலுக்கிய சூறாவளி, 2020 டிசெம்பர் 2ஆம் திகதி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவி, 2025 நவம்பர் இறுதியில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன டித்வா எல்லாம் ஏறத்தாழ இதே காலத்தில் வந்தவை. எனவே நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசெம்பர் நடுப்பகுதிவரை கிழக்கிலோ வடக்கிலோ கரையோரமாகத் தங்குகிறவர்கள், பணத்தைத் திருப்பித் தரும் முற்பதிவையே செய்ய வேண்டும்.

எந்த மாதம், எந்தக் கரை?

கடலில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் டிசெம்பரில் தெற்குக்கும் தென்மேற்குக்கும் போவதே சரி. ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ கரைகள் டிசெம்பர் முதல் மார்ச் வரை அமைதியாக இருக்கும். மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் போகும் பருவமும் இதுதான். ஆனால் நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் அறை விலை உச்சத்தில் இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போட முடிந்தால் செலவு குறையும்.

மேற்கில் கற்பிட்டியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்கால மாதங்களில் அங்கே கடலில் டொல்பின் கூட்டங்களைக் காணலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் குடியேறிய பகுதி புத்தளமும் கற்பிட்டியும். அங்கே ஒரு தேநீர்க்கடையில் பேச்சுக் கொடுத்தால் யாழ்ப்பாணத் தெருக்களின் பெயர்களைச் சொல்லி விசாரிக்கிறவர்களைச் சந்திக்கலாம். எனக்கு அப்படி நடந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டிவிடும். பொங்கலை ஒட்டி வானம் வெளிக்கத் தொடங்கும். பகலில் இதமான வெயில், இரவில் லேசான குளிர், பச்சை மாறாத வயல். என்னைக் கேட்டால் வடக்குக்கு வருவதற்கு ஜனவரி பிற்பாதியும் பெப்ரவரியும்தான் மிக நல்ல காலம். காரைநகர் கசூரினா, வேலணை சாட்டி ஆகிய கடற்கரைகளுக்கும் அப்போது போகலாம்.

நெடுந்தீவில் இரவு தங்க விரும்புகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். குறிகட்டுவானிலிருந்து போகும் படகு வாடைக்காற்றில் எந்த நாளும் நிறுத்தப்படலாம். திரும்பும் விமானத்துக்கு முதல்நாள் தீவில் இருக்க வேண்டாம்.

மன்னாரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மழை குறைந்த பிறகு, ஜனவரி, பெப்ரவரியில் வங்காலை, தலைமன்னார்ப் பக்கம் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் நிற்கும். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான இடம்.

கிழக்குக்கு, அதாவது நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா பக்கம் போவதென்றால் கோடை விடுமுறையில் வாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரைதான் அங்கே பருவம். மட்டக்களப்பில் ஜனவரியிலும் கனமழை பெய்யும். உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் கரையில் அறை எடுக்காமல் நகரத்துக்குள் தங்குவது வசதி.

மலையகத்துக்குப் போவதானால் டித்வாவை நினைவில் வைத்து முடிவெடுங்கள். மண்சரிவில் அங்கே உயிர்களும் லயன்களும் வீதிகளும் போயின. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகள் கடும் குளிர், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். சரிவான நிலத்தில் கட்டிய விடுதிகளைத் தவிர்த்து, வீதியும் ரயிலும் ஓடுகின்றனவா என்று அந்த வாரத்திலேயே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

விடுதி யாருடைய கையில்?

விடுதி பற்றி எழுதும் சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. எங்களுக்கு அது முதல் கேள்வி.

காங்கேசன்துறைக் கடற்கரையில் உள்ள ‘தல்செவன’ இராணுவம் நடத்தும் விடுதி. 1990 ஜூனில் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில், உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த நிலப்பரப்பில் அது இருக்கிறது. இதே வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக 2013 ஏப்ரலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் போனார்கள். பிறகு கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டாலும் இன்னும் வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரமாக இராணுவம் 2012இல் திறந்த விடுதி ‘லகூன்ஸ் எட்ஜ்’. 2009 மே மாதத்தில் அந்த நீரேரியைக் கடந்து வந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை கடற்படையின் விடுதி. திருகோணமலையில் மார்பிள் கடற்கரை விமானப்படையினுடையது.

இது தமிழர் பகுதிகளோடு நிற்கும் விடயமுமல்ல. கிழக்கின் தென்முனையில் பாணமையில், 2010 ஜூலையில் ஆயுதம் தரித்தவர்கள் குடிசைகளை எரித்து மக்களைக் கலைத்தார்கள். அந்த மக்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். பின்னர் அந்த நிலத்தில் கடற்படை விடுதி எழுந்தது. காணிகளைத் திருப்பிக் கொடுக்க 2015இல் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் அவர்கள் போராட வேண்டியிருந்தது.

தனியார் விடுதி என்றாலே சிக்கல் இல்லை என்றும் சொல்ல முடியாது. பாசிக்குடாவில் போருக்குப் பிறகு பெரிய ஹோட்டல்கள் வரிசையாக வந்தபோது, மீனவர்கள் வள்ளம் இழுத்து வைத்த கரை சுருங்கியது.

படையினரின் விடுதிகளில் தங்கியவர்களை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. என் உறவினர்களே தெரியாமல் தங்கியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் எங்கள் இளையவர்களும் இருக்கலாம். ஆனால் அரச சம்பளம் பெறும் ஆளணியும் கைப்பற்றப்பட்ட கரையும் இருக்கிற ஒருவரோடு, வங்கிக்கடன் எடுத்து நான்கு அறை கட்டிய உள்ளூர்க்காரர் விலையில் போட்டி போட முடியாது. நீங்கள் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாவில் அந்த வேறுபாடு இருக்கிறது. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முற்பதிவுத் தளங்களில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் தெரியாது. விடுதியின் சொந்த இணையத்தளத்துக்குப் போய் ‘எங்களைப் பற்றி’ பகுதியையும் பக்கத்தின் அடியையும் வாசியுங்கள். பெயரும் உதவும். ‘லாயா’ என்று தொடங்கும் விடுதிகள் இராணுவத்தினுடையவை, ‘மாலிமா’ கடற்படையின் விருந்தோம்பல் பிரிவு, ‘ஈகிள்ஸ்’ விமானப்படை.

தெரியாவிட்டால் தொலைபேசியில் நேராகக் கேளுங்கள்: “உரிமையாளர் ஆர்? எந்த ஊர்?” சொந்தக்காரர் என்றால் தயங்காமல் சொல்லுவார். அந்தப் பகுதி ஓட்டோக்காரர் ஒருவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கரையோர விடுதி என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: ஊர் மக்கள் கடலுக்குப் போகப் பாதை விட்டிருக்கிறதா?

வீட்டோடு தங்குவது

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத் தீவகத்திலும் தங்கள் வீட்டில் ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முல்லைத்தீவுக்குச் செய்தி சேகரிக்கப் போனால் ஒரு அக்காவின் வீட்டில்தான் தங்குவேன். கணவரைப் போரில் இழந்தவர். வெளியே பெயர்ப்பலகை இல்லை. இரண்டு அறை, ஒரு மின்விசிறி, காலையில் புட்டும் மீன்குழம்பும். அறை வாடகையில் மகளின் படிப்பு நடக்கிறது.

இப்படியான இடங்களில் வெந்நீரும் குளிரூட்டியும் எதிர்பார்க்க முடியாது. முதியவர்கள் வருகிறார்கள் என்றால் கொமட் கழிப்பறை இருக்கிறதா, குளியலறை வீட்டுக்குள்ளா, மின்தடைக்கு என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்த வீட்டுத் தங்குமிடங்களும் உண்டு. பதிவில்லாத இடம் என்றால் தெரிந்த ஒருவரின் சிபாரிசோடு போங்கள், குறிப்பாகப் பெண்கள் தனியே பயணம் செய்யும்போது.

பணம் கட்டுவதற்கு முன்

விலையைக் கேட்கும்போது அது உள்ளூர்வாசிக்கா வெளிநாட்டவருக்கா என்று கேளுங்கள். பல விடுதிகளில் இரண்டு விலை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு வந்தால் சில இடங்களில் வித்தியாசம் தெரியும்.

மாரியில் வெள்ளம் ஏறும் பாதைகளைப் பாருங்கள். வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் முல்லைத்தீவு நகரத்துக்குச் சுற்றுவழிதான். வடக்கில் டெங்கு கூடும் காலமும் இதுவே. நுளம்புவலை இல்லாத அறை வேண்டாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியதை மறக்க வேண்டாம், வயல்வெள்ளத்தில் வெறுங்காலோடு பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். முகமாலைப் பக்கமும் வன்னியின் உட்பகுதிகளிலும் மிதிவெடி அபாயப் பலகை தெரிந்தால், படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு விலகக் கூடாது.

இன்னுமொன்று, நாட்களைப் பற்றியது. டிசெம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கடற்கரைகளில் ஆழிப்பேரலையில் போனவர்களுக்கு விளக்கேற்றுவார்கள். அன்று அந்தக் கரைகளில் பாட்டுப்பெட்டியோடு இறங்க வேண்டாம். முடிந்தால் அவர்களோடு போய் நில்லுங்கள்.

இந்த முறை

பெரியம்மாவின் பயணத்தை இந்த முறை ஜனவரிக்கு மாற்ற வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் நீந்துவதற்குத் தெற்கில் மூன்று நாட்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதியின் வீட்டு மேல்மாடியில் ஒரு வாரம். அதில் ஒரு நாளை வெறுமையாக விடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

“எங்கட கரைக்குப் போய் வேலிக்கு இஞ்சாலை நிண்டு கடலைப் பாக்கோணும். அதுக்கு அறை தேவையில்லைப் பிள்ளை, ஒரு ஓட்டோ போதும்.”

ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.