கிழமை மாறிய சபை

1620-ல் பிளிமத்தில் குடியேறியவர்கள் இங்கிலாந்தின் அரச சபையை விட்டுப் பிரிந்தவர்கள். பத்து வருஷம் கழித்து, அருகிலேயே மாசச்சூசெட்ஸ் காலனியை அமைத்தவர்களும் அதே சபையோடு பிணங்கி வந்த பியூரிட்டன்கள்தாம். ஆனால் 1635-ல் ரோஜர் வில்லியம்ஸின் மாற்றுக் கருத்தை அவர்களால் பொறுக்க முடியவில்லை. காலனியை விட்டு விலக்கினார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்கள் கதவைச் சாத்த ஐந்து வருஷம் போதுமாயிருந்தது.

நெல்லைச் சீமையிலும் இது நடந்தது. துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக 1799-ல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் முதலூரை ஸ்தாபித்தார். பிறகு நாசரேத், சாயர்புரம் என்று மிஷன் ஊர்கள் பெருகின. ஆனால் சபையின் அதிகாரம் வெள்ளைப் பாதிரிகளிடம் இருந்தது. 1849-ல் கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல், அந்தச் சபை தங்களை எப்படிப் பார்க்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டியது. நாசரேத் மிஷனோடு முரண்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857-ல் பக்கத்துப் பிரகாசபுரத்தில் வெள்ளையர் அதிகாரமற்ற தனிச் சபையைத் தொடங்கினார்.

வில்லியம்ஸ் விலகிப்போய் இன்னொரு குடியேற்றத்தை அமைத்தார். சட்டாம்பிள்ளை கூப்பிடு தூரம்தான் போனார்; ஆனால் கிழமையை மாற்றினார். வேதம் சொல்லும் ஓய்வுநாள் சனிதான் என்றார். வழிபாட்டில் சாம்பிராணியும் சாஷ்டாங்கமும் வந்தன. மிஷன் கொடுத்த வேதத்தைக் கொண்டே மிஷனை மறுத்த காரியம் இது.

இதைச் சபைச் சண்டை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கடல் தாண்டினால் சரித்திரம், தெரு தாண்டினால் சண்டை. எதிர்ப்பை அளக்க நம்மிடம் இருக்கும் அளவுகோல் தூரம் ஒன்றுதானா?