திருவண்ணாமலையில் இன்பமும் நோன்பும்

திருவண்ணாமலையில் நோன்பும் கொண்டாட்டமும் ஒன்றை அடுத்து ஒன்றாக வருகின்றன. கார்த்திகை தீபத்தன்று பகல் முழுக்க விரதமிருப்பவர்கள், மாலையில் மலையுச்சியில் மகாதீபம் தெரிந்த பிறகே சாப்பிடுகிறார்கள். அதே விழாவையொட்டி மாட்டுச் சந்தையும் கூடுவது பழைய வழக்கம்.

இன்பம் இங்கே வழிபாடாகவே மாறும் நாள் மாட்டுப் பொங்கல். அன்று கோயிலின் பெரிய நந்திக்கு வடை, முறுக்கு, அதிரச மாலைகள் சாத்தப்படும். மாலையில் திருவூடல் தெருவில், சிவனாகிய அண்ணாமலையாரும் அவர் துணைவி உண்ணாமுலையம்மனும் பிணங்கிக்கொள்கிறார்கள். சிவனைத் தவிர யாரையும் வணங்காத பிருங்கி முனிவரால் வந்த ஊடல் இது. அம்மன் கோபித்துக்கொண்டு தனியே கோயிலுக்குத் திரும்ப, கதவு சாத்தப்படுகிறது. நாயன்மார் சுந்தரர் தூது நடந்தும் பலனில்லை. சுவாமி இரவைக் குமரக்கோயிலில் கழித்து, மறுநாள் கிரிவலம் வந்து, பிருங்கிக்குக் காட்சி தந்து திரும்பிய பிறகுதான் மறுவூடலில் சமாதானம். தம்பதியின் பிணக்கையும் கூடலையும் ஊரே திரண்டு பார்க்கிறது. அதில் யாருக்கும் கூச்சமில்லை.

இன்ப நுகர்வை எந்தச் சமூகம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று அளந்த டச்சு ஆய்வாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டெடின் பட்டியலில் மெக்சிகோவின் மதிப்பெண் 97, இந்தியாவுடையது 26. திருவூடலைக் கொண்டாடும் ஊரை அந்த ஒற்றை எண் காட்டாது.

துறவின் மரபும் இங்கே ஆழமானது. 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் சிற்றின்பத்தில் திளைத்து, மனம் கசந்து கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகன் தாங்கினான் என்பது ஊர்க்கதை. 1896 செப்டம்பர் 1இல் வந்த இளைஞர் வேங்கடராமன், பின்னாளைய ரமணர், வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டு, மிச்சக் காசையும் வழியில் கிடைத்த பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தார். அவரே பிற்காலத்தில் விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். சமைத்தது எல்லோருக்கும் சமமாகப் போகவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

துறவு தானே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. இருபதாம் நூற்றாண்டின் கட்டுப்பாடோ, இந்த ஊரையும் சேர்த்து மாகாணம் முழுவதற்கும் சட்டமாக வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி முன்னெடுத்த போராட்டம், 1947இல் சென்னை மாகாணச் சட்டமானது. பெண்களுக்குப் பொட்டுக்கட்டுவது தடைசெய்யப்பட்டது. அது நின்றே தீரவேண்டிய கொடுமை. ஆனால் அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே தடை செய்தது. அந்தப் பெண்களின் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்த கலை கோயிலை விட்டு மேடைக்குப் போனது. மேடையில் அதற்குக் கிடைத்த மரியாதையில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது மிகக் குறைவு.