வெல்லம் கரைந்ததா, மரு கரைந்ததா?

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓரிக்கைன்னு ஒரு ஊர் இருக்கு. பட்டுத்தறி ஊர். பேருக்குப் பின்னாடி ஒரு கதை சொல்வாங்க. ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொல்ல, திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிட்டார். அன்னிக்கு ராத்திரி தங்கின இடம் ‘ஓர் இரவு இருக்கை’. அதுதான் ஓரிக்கை ஆச்சாம். ராஜா மன்னிப்புக் கேட்டதும் எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க.

யாரும் துரத்தாமலே கிளம்பிப் போகிற ஒரு விருந்தாளியைப் பத்திதான் இந்த எபிசோட். பெருமாளோட ஒப்பிடுறேன்னு கோவிச்சுக்காதீங்க. விஷயம் மரு.

சின்ன விஷயம்னு தோணும். ஆனா தறியில உட்கார்ற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. அறுந்த இழையை விரல் நுனியாலதான் முடியணும். அங்கே சொரசொரப்பா ஒரு மரு இருந்தா பட்டு இழை மாட்டும். உரசி உரசி ரத்தம் வந்தா சேலையில கறை. அதனால இதை எப்படியாவது போக்கணும்னு நம்ம ஆட்கள் நெடுங்காலமா மெனக்கெட்டிருக்காங்க.

முதல் வழி, கோயில். வைத்தீஸ்வரன் கோயில் குளத்துல வெல்லத்தைக் கரைப்பாங்க. பல அம்மன் கோயில்கள்ல உப்பும் மிளகும் கொட்டுவாங்க. வெல்லம் கரையுற மாதிரி, உப்பு கரையுற மாதிரி மருவும் கரையணும்னு வேண்டுதல். இதைக் கேட்டுச் சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். நவீன விஞ்ஞான முறைக்கு அடித்தளம் போட்டவர்னு நாம படிக்கிற பிரான்சிஸ் பேகன் இருக்காரே, அவருக்கே சின்ன வயசுல பாரிஸ்ல இருந்தப்போ கை முழுக்க மரு. ஆங்கிலேயத் தூதரோட மனைவி ஒரு பன்றிக்கொழுப்புத் துண்டால தேய்ச்சு, அதைத் தெற்குப் பார்த்த ஜன்னல்ல வெயில் படும்படி மாட்டி வெச்சாங்க. ஐந்து வாரத்துல மரு எல்லாம் போச்சு. சின்ன வயசுலேர்ந்து இருந்த பழைய மரு உட்பட! பேகன் இதைத் தன் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கார். இங்க வெல்லம், அங்க கொழுப்பு. யுக்தி ஒண்ணுதான்.

ரெண்டாவது வழி, கையில எடுக்கிறது. குதிரைவால் முடியால இறுக்கிக் கட்டுவாங்க, முடி கிடைக்கலைன்னா நூல். அம்மான் பச்சரிசிச் செடியோட பாலைத் தடவுவாங்க. சுசுருத சம்ஹிதையில சாம்பல்லேர்ந்து எடுக்கிற காரத்தைப் பத்தி விரிவாவே இருக்கு. இதுல ஒரு குழப்பத்தைத் தெளிவு பண்ணிடறேன். நம்ம ஊர்ல கழுத்துல தொங்குற மெல்லிய தோல் துணுக்கையும் மருன்னுதான் சொல்றோம். அதுக்கு ஒரு காம்பு உண்டு. இறுக்கிக் கட்டினா ரத்தம் போகாம உதிர்ந்துடும். குதிரைமுடி நிஜமாவே வேலை செய்றது அங்கேதான். கையில, பாதத்துல சொரசொரப்பா வர்றது வேற சங்கதி. அது வைரஸ். சுண்ணாம்பு, சேங்கொட்டைன்னு வெச்சு அதைச் சுட்டா, மரு போறதுக்கு முன்னாடி தோல் வெந்துடும். தழும்புதான் மிச்சம்.

வைரஸ்னு எப்போ தெரிஞ்சது? 1907ல. இத்தாலியில சியூஃபோன்னு ஒரு டாக்டர். மருவை அரைச்சு, பாக்டீரியா தாண்ட முடியாத வடிகட்டியில வடிச்சு, அந்தச் சாற்றைத் தோல்ல ஏத்தினார். அப்பவும் மரு முளைச்சது. இப்போ அதுக்கு ஹெச்.பி.வி.ன்னு பேர். இந்த வைரஸ் தோலோட மேலடுக்கிலேயே ஒண்டிக் கிடக்கும். ரத்தத்துக்குள்ள போகாது, செல்லை உடைச்சுக் கலாட்டா பண்ணாது. அதனால உடம்போட காவல்படைக்கு ஆள் வந்ததே தெரியாது. என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்கு மரு காலி. 1963ல அமெரிக்காவுல ஒரு காப்பகத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. ரெண்டு வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு மரு தானாவே மறைஞ்சிருந்தது.

இங்கதான் சிக்கல். தானாப் போகிற ஒண்ணுக்கு நீங்க எதைப் பண்ணினாலும், கடைசியாப் பண்ணினதுக்குத்தான் பேர் கிடைக்கும். வெல்லத்துக்குக் கிடைக்கும், கொழுப்புக்குக் கிடைக்கும், ஹோமியோபதி உருண்டைக்கும் கிடைக்கும். அப்போ உண்மையை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே ஒண்ணு. யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியக்கூடாது.

இந்த முறையோட மிகப் பெரிய பாடங்கள்ல ஒண்ணு நடந்தது நம்ம பக்கத்துலதான். 1968 ஜூலையில செங்கல்பட்டு மாவட்டத்தோட கலெக்டர் ஆபீஸ் சைதாப்பேட்டையிலேர்ந்து காஞ்சிபுரத்துக்கு வந்தது. அதே 1968ல அதே மாவட்டத்துல காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையும் ஆரம்பிச்சது. 2,81,161 பேருக்கு ஊசி. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் ஊசி. பி.சி.ஜி. ஜெயிக்கும்னுதான் எதிர்பார்ப்பு. பதினஞ்சு வருஷம் பின்தொடர்ந்தாங்க. பெரியவங்களை நுரையீரல் காசநோயிலேர்ந்து அது காப்பாத்தலைன்னு முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வர்ற கடுமையான காசநோய்களைத் தடுக்கும்கிறதால இன்னிக்கும் பிறந்த குழந்தைக்குப் போடறோம், அது வேற. ஆனா உலகமே நம்பின ஒண்ணை அளந்து பார்த்து, வந்த முடிவை மறைக்காம வெளியிட்டாங்களே, அந்த நேர்மை எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

மருவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கன்னா, அதே பி.சி.ஜி. இன்னிக்கு மருவுக்குள்ள போடற ஊசிகள்ல ஒண்ணு! அம்மை, பொன்னுக்கு வீங்கிக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் போடறாங்க. டெல்லியில ஜி.பி. தல்வார் தொழுநோய்க்காக உருவாக்கின எம்.டபிள்யூ. தடுப்பூசியும் உண்டு. 1991ல ஆரம்பிச்ச தென்னிந்தியத் தொழுநோய்ச் சோதனையில 1,71,400 பேர் கலந்துக்கிட்டாங்க. அதுல எம்.டபிள்யூ. கொடுத்த பாதுகாப்பு 25.7 சதவீதம்தான், போட்டியிட்ட நாலு தடுப்பூசியில கடைசி இடம். பிறகு இந்தியத் தோல் மருத்துவர்கள் அதையே மருவுக்குள்ள செலுத்திப் பார்த்தாங்க. உடம்புக்குப் பரிச்சயமான கிருமியோட வாசனையை மரு இருக்கிற இடத்துலயே காட்டினா, காவல்படை ஓடி வரும். வந்த இடத்துல ஒண்டிக் கிடந்த வைரஸும் மாட்டும். விரல்ல இருக்கிற ஒரு மருவுல ஊசி போட்டா, பாதத்துல இருக்கிறதும் சில பேருக்கு உதிருது. பேகனோட ஜன்னல்ல நடந்த மாதிரியே.

அப்போ இதுவும் வெல்லக்கட்டிதானா? அளந்து பார்த்திருக்காங்க. 2010ல வெளிவந்த ஒரு எகிப்து ஆய்வுல எம்.எம்.ஆர். போட்டவங்கள்ல 81.4 சதவீதம் பேருக்கு மரு முழுசாப் போச்சு. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக வெச்ச இன்னொரு குழுவுல 27.5 சதவீதம் பேருக்குப் போச்சு. அவங்களுக்குப் போட்ட ஊசியில இருந்தது வெறும் உப்புத் தண்ணி.