மேடையிலும் திரையிலும் ஸ்க்ரூஜ்

கஞ்சன் ஸ்க்ரூஜ் மனம் மாறும் கதையான சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளிவந்தது. 1844 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் மூன்று நாடகங்கள் அதைத் தழுவி அரங்கேறின. கதையை நாடகமாக்க எழுத்தாளரின் இசைவு வேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்கவில்லை. அடெல்ஃபி அரங்கில் எட்வர்ட் ஸ்டர்லிங் நடத்தியது மட்டும் டிக்கன்ஸின் ஒப்புதல் பெற்றிருந்தது. 1853இல் பர்மிங்ஹாமில் டிக்கன்ஸே கதையை மக்கள்முன் வாசித்தார்; இறந்த ஆண்டான 1870வரை வாசித்துவந்தார்.

1901இல் இக்கதையைத் தழுவி ஆர். டபிள்யூ. பால் தயாரித்த சில நிமிட ஊமைப்படத்தில், ஸ்க்ரூஜின் இறந்துபோன கூட்டாளி மார்லியின் முகம் கதவைத் தட்டும் பிடியில் தோன்றுகிறது. அதன் ஒரு பகுதியே எஞ்சியுள்ளது.

பின்வந்தவற்றுள் தலைசிறந்தது பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கிய 1951ஆம் ஆண்டுப் படம். பிரசவத்தில் சகோதரி சாவது, மார்லியுடன் முதல் சந்திப்பு என மூலத்தில் இல்லாத காட்சிகளால் ஸ்க்ரூஜின் நெஞ்சு இறுகிய விதத்தை அது படிப்படியாகக் காட்டுகிறது. மனம் மாறிய காலையில் ஸ்க்ரூஜாக நடித்த அலஸ்டேர் சிம் குதித்துச் சிரிக்கும்போது அந்த மகிழ்ச்சியை முழுதாக நம்ப முடிகிறது.

1992இல் வந்த மப்பெட் பொம்மைப் படம் குழந்தைகளுக்கானது. ஆயினும் ஸ்க்ரூஜாக மைக்கேல் கெய்ன் துளியும் விளையாட்டின்றி நடித்தார். டிக்கன்ஸாக வரும் கோன்ஸோ என்ற பொம்மை மூலநூலின் வாக்கியங்கள் பலவற்றை அப்படியே சொல்கிறது.